தியேட்டரா, வீடா? படம் பார்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளிக்கிழமை படம் வெளியாகிறது. நாலு வாரம் பொறுத்தால் அதே படம் வீட்டு டிவிக்கு வந்துவிடும். போகலாமா, காத்திருக்கலாமா என்று யோசிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் என் பதில்களும் கீழே. விலை, விதி எல்லாம் தமிழ்நாட்டுக் கணக்கு. அதிலும் எனக்கு அதிகம் தெரிந்தது சென்னை. வாரம் முழுக்க வீட்டில் பார்க்கிற ஆள்தான் நான். ஆனாலும் தியேட்டர் கட்சி. அதை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

மாஸ் படம் என்றால் தியேட்டர், சின்னப் படம் என்றால் ஓடிடி. அப்படித்தானே?

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள். எனக்கு இது தலைகீழாகத் தெரிகிறது.

பெரிய ஹீரோ படத்துக்குத் தியேட்டர் வேண்டும், சரி. ஆனால் அந்தத் தேவை முதல் வாரத்தோடு முடிந்துவிடும். அறிமுகக் காட்சியில் விசில், பஞ்ச் வசனத்துக்குக் கைதட்டல், பாட்டு வந்தால் திரைக்கு முன்னால் ஆட்டம் என்று பாதிப் படத்தை ரசிகர்கள்தான் நடத்துகிறார்கள். இயக்குநரும் அந்தக் கைதட்டலுக்கு இடம் விட்டுத்தான் காட்சியை அமைத்திருப்பார். அதே படத்தைப் பத்தாம் நாள் மேட்னியில் முப்பது பேரோடு பார்த்தால் ஹீரோ திரும்பி நின்று மூன்று விநாடி சும்மா முறைத்துக்கொண்டிருப்பார், அரங்கில் ஒரு சத்தமும் இருக்காது. அதற்கு வீட்டு சோபாவே போதும்.

சின்னப் படம் அப்படியில்லை. 2024 ஆகஸ்டில் வெளியான 'கொட்டுக்காளி'யில் பின்னணி இசையே கிடையாது. ஆட்டோ ஓடும் சத்தம், சேவலின் சத்தம், சாலை, காற்று, மனிதர்கள் பேசுவது, பேசாமல் இருப்பது, இவ்வளவுதான் காதுக்குத் தீனி. நாயகி கிட்டத்தட்ட வாயே திறப்பதில்லை. இதை வீட்டில் பார்த்தால் மேலே ஃபேன் ஓடும், அடுப்பில் குக்கர் கூவும், வாசலில் கூரியர்காரர் மணியடிப்பார். இருபதாவது நிமிடத்தில் கை தானாகப் போனை எடுக்கும். 'ரொம்ப ஸ்லோ' என்று ஒரு தீர்ப்பும் சொல்லிவிடுவோம். தியேட்டர் இருட்டில் வேறு வழியில்லாமல் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த இருபது நிமிடத்தில் படத்தின் நடை பிடிபட்டுவிடும். அப்புறம் அது மெதுவாகவே தெரியாது.

ஆகவே என் கணக்கு இது: தன்னைத் தானே தூக்கி நிறுத்திக்கொள்ளும் படத்தை எங்கே வேண்டுமானாலும் பார்க்கலாம். நம் பொறுமையைக் கேட்கும் படத்துக்குத்தான் தியேட்டர் அவசியம். சிக்கல் என்னவென்றால் அந்த மாதிரிப் படத்துக்கு ஊருக்கு ஒரு தியேட்டர், நாளைக்கு ஒரு காட்சி, அதுவும் காலை 10:30-க்குக் கொடுப்பார்கள். அடுத்த வியாழனுக்குள் போஸ்டரே இருக்காது. பெரிய படம் உங்களுக்காகக் காத்திருக்கும், சின்னப் படம் காத்திருக்காது. வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளுக்குள் போய்விடுங்கள்.

நகைச்சுவைப் படமும் பேய்ப் படமும் தனி ரகம். முந்நூறு பேர் சிரிக்கும் இடத்தில் சுமாரான ஜோக்கும் எடுபடும். தனியாக வீட்டில் பார்க்கும்போது அதே ஜோக்குக்கு உதடுகூட அசையாது.

ஒரு படம் எத்தனை வாரத்தில் ஓடிடிக்கு வரும்?

தமிழ்ப் படங்களுக்குப் பெரும்பாலும் நாலு வாரம். தியேட்டர் உரிமையாளர்கள் எட்டு வாரம் வேண்டும் என்று பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தயாரிப்பாளருக்கோ ஓடிடி தரும் பணம் படத்தின் செலவில் பெரிய பங்கு. சீக்கிரம் கொடுத்தால் விலை கூடும்.

வடக்கே உள்ள பெரிய மல்டிபிளக்ஸ் சங்கிலிகள் எட்டு வாரத்தில் உறுதியாக நிற்கின்றன. 2023-இல் 'லியோ'வின் இந்திப் பதிப்பு அந்த அரங்குகளில் வெளியாகாததற்கு இதுதான் காரணம். 2025 ஜூனில் வந்த 'தக் லைஃப்' எட்டு வாரத்துக்கு ஒப்புக்கொண்டு வெளியானது. படம் ஓடவில்லை, ஜூலை 3 அன்றே நெட்ஃபிளிக்ஸில் வந்துவிட்டது. ஒப்பந்தம் எட்டு வாரம் என்றாலும் காலி அரங்கு அதைக் குறைத்துவிடும். கொரோனா காலத்தில் இன்னும் மோசம்: 2021 பொங்கலுக்கு 'மாஸ்டர்' தியேட்டரில் கூட்டத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பதினாறே நாள் கழித்து அமேசான் பிரைமில் வந்தது.

படம் தோற்றால் சீக்கிரம் வரும், ஜெயித்தால் கொஞ்சம் தள்ளிப்போகும். அதற்கு மேல் விதி எதுவும் இல்லை.

நாலு பேர் தியேட்டருக்குப் போகும் காசில் ஒரு வருடச் சந்தாவே கட்டலாமே?

எந்தச் சந்தா என்பதைப் பொறுத்தது. கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

சென்னையில் மல்டிபிளக்ஸ் டிக்கெட்டின் அடிப்படை விலை 150 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று 2017-இல் அரசு வரம்பு வைத்தது. அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, உள்ளாட்சிக் கேளிக்கை வரி. எல்லாம் சேர்த்து 190 ரூபாயை ஒட்டி வரும். பெங்களூரிலும் மும்பையிலும் வார இறுதியில் 400, 500 என்று கொடுத்துப் பழகியவர்கள் இதைக் கேட்டால் பெருமூச்சு விடுவார்கள். நாலு டிக்கெட்டுக்கு 760. இணையத்தில் எடுத்தால் முன்பதிவுக் கட்டணம் தலைக்கு முப்பது, முப்பத்தைந்து. பார்க்கிங், இடைவேளையில் பாப்கார்ன், குளிர்பானம் எல்லாம் சேர்ந்தால் 1,500 ரூபாயைத் தொட்டுவிடும். இதில் பாதி சினிமாவுக்குப் போகவில்லை, சோளத்துக்குப் போகிறது.

வீட்டுப் பக்கம்: நெட்ஃபிளிக்ஸ் 4கே திட்டம் மாதம் 649, வருடத்துக்கு 7,788. பிரைம் ஆண்டுக்கு 1,499. 2025 ஜூன் முதல் அதிலும் விளம்பரம் வருவதால் விளம்பரம் வேண்டாம் என்றால் இன்னும் 699. இரண்டையும் கூட்டினால் 9,986 ரூபாய். அதாவது குடும்பத்தோடு ஆறேழு தடவை தியேட்டருக்குப் போகும் செலவு. டிவி, சவுண்ட்பார், பிராட்பேண்ட் எல்லாம் தனி. வீட்டில் பார்ப்பது இலவசம் என்ற நினைப்பு பணம் தானாகக் கணக்கிலிருந்து பிடிக்கப்படுவதால் வருவது.

குறைக்க வழி இருக்கிறது. தனித் தியேட்டர்களில் விலை இன்னும் குறைவு. 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி வெறும் 5 சதவீதம். கவுண்டரில் எடுத்தால் முன்பதிவுக் கட்டணம் மிச்சம்; வார நாள் மேட்னிக்கு ஹவுஸ்ஃபுல் ஆகிவிடுமோ என்று பயப்படத் தேவையில்லை. சந்தாவிலும் அப்படித்தான்: எல்லாவற்றையும் வருடம் முழுக்க வைத்திருக்காமல் ஒரு மாதம் இது, அடுத்த மாதம் அது என்று மாற்றிக்கொள்ளலாம்.

என் டிவி 4கே. பக்கத்துத் தியேட்டர் 2கே. அப்போது வீட்டில்தானே படம் தெளிவு?

புள்ளிக் கணக்கில் உண்மைதான். 4கே டிவியில் 3840க்கு 2160 புள்ளிகள். 2கே ப்ரொஜெக்டரில் 2048க்கு 1080. ஆனால் அந்தப் புள்ளிகளுக்குள் எவ்வளவு தகவல் வந்து சேர்கிறது என்று இன்னொரு கேள்வி உண்டு. தியேட்டருக்கு வரும் டிஜிட்டல் பிரதியில் ஒவ்வொரு பிரேமும் தனித்தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். விநாடிக்கு 250 மெகாபிட் வரை போகலாம். வீட்டுக்கு இணையத்தில் வரும் 4கே படம் சுமார் 15 முதல் 25 மெகாபிட். பகல் காட்சியில் வித்தியாசம் தெரியாது. இரவுக் காட்சி, புகை, மழை, மூடுபனி வந்தால் வானத்தில் படிப்படியாகக் கோடு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். பிட் போதாததால் வருவது அது.

அதைவிட முக்கியம், உங்கள் சந்தா என்ன என்று பாருங்கள். நெட்ஃபிளிக்ஸின் 199 ரூபாய்த் திட்டம் 720பி-தான் (உயரத்தில் 720 புள்ளிகள்) தரும். அறுபதாயிரம் ரூபாய் டிவியில் 720பி பார்த்துக்கொண்டு 'என்ன தெளிவு' என்று மெச்சுகிறவர்கள் நிறைய.

வெளிச்சத்தில் டிவிக்கே வெற்றி. தியேட்டர் திரையின் வெளிச்சத்துக்கு அளவுகோல் 48 நிட்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு). சாதாரண டிவியே பல நூறு நிட்ஸ் தரும். கருமையிலும் நல்ல ஓஎல்இடி டிவி பல தியேட்டர்களை அடித்துவிடும். ஆயுள் முடிந்த விளக்கை மாற்றாமல் ஓட்டும் அரங்கில் இருட்டுக் காட்சி வந்தால் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது. அப்படி ஓர் அரங்கு உங்கள் ஊரில் இருந்தால், வீட்டில் பாருங்கள் என்றுதான் நானும் சொல்வேன்.

டிவியில் மேலும் கீழும் கருப்புப் பட்டை வருகிறதே, படத்தை வெட்டிவிட்டார்களா?

இல்லை. நம் படங்களில் பெரும்பாலானவை சினிமாஸ்கோப். அகலம் உயரத்தைப் போல 2.39 மடங்கு. டிவி 1.78 மடங்குதான். முழு அகலமும் தெரிய வேண்டுமென்றால் மேலே கீழே இடம் காலியாகத்தான் இருக்கும். 55 அங்குல டிவியின் உயரம் 68 சென்டிமீட்டர். ஸ்கோப் படம் அதில் 51 சென்டிமீட்டரைத்தான் நிரப்பும். வாங்கிய டிவியில் கால் பங்கு கருப்பு.

எரிச்சலாக இருந்தாலும் ரிமோட்டில் 'ஜூம்' அழுத்தாதீர்கள். ஓரத்தில் நிற்கும் ஆளின் பாதி முகம் போய்விடும். பழைய ஸ்கோப் படங்களைச் சில சேனல்கள் அப்படி வெட்டித்தான் ஒளிபரப்பின. இரண்டு பேர் பேசும் காட்சியில் இரண்டு மூக்கு மட்டும் தெரியும்.

எவ்வளவு தூரத்தில் உட்கார வேண்டும்?

நம் வீடுகளில் டிவி ஒரு சுவர், சோபா எதிர்ச் சுவர், நடுவில் பத்துப் பன்னிரண்டு அடி. அங்கிருந்து 55 அங்குலத் திரை உங்கள் பார்வையில் சுமார் 20 டிகிரிதான் அடைக்கும். படத்துக்கு 30 டிகிரியாவது வேண்டும் என்பது தொழில்நுட்பக்காரர்களின் பொது அளவு. அதற்கு ஏழரை அடியில் உட்கார வேண்டும். பெரிய டிவிக்கு ஆசைப்படுவதற்கு முன்னால் படம் பார்க்கும் நேரத்தில் மட்டும் ஒரு நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுப் பாருங்கள். காசு செலவில்லாமல் திரை பெரிதாகிவிடும். 4கே டிவியில் கண்ணுக்குக் கேடு எதுவும் இல்லை, பாட்டி என்ன சொன்னாலும்.

புது டிவியில் சினிமாகூட மெகா சீரியல் மாதிரி தெரிகிறது. டிவி கோளாறா?

கோளாறில்லை, அமைப்பு. சினிமா விநாடிக்கு 24 பிரேம். டிவி நடுவில் தானாகப் புது பிரேம்களை உருவாக்கிச் செருகி அசைவை வழவழப்பாக்குகிறது. கிரிக்கெட்டுக்கு நல்லது, சினிமாவுக்கு நாசம். ஒவ்வொரு நிறுவனமும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கும். 'மோஷன்' என்ற சொல் உள்ள எதையும் அணைத்துவிடுங்கள். 'ஃபிலிம்மேக்கர் மோட்' இருந்தால் அதை வையுங்கள், எல்லாம் ஒரே அடியில் சரியாகும். முதலில் படம் மங்கலாக, மஞ்சளாகத் தெரியும். இரண்டு நாள் பொறுங்கள், கண் பழகிவிடும்.

வசனம் கேட்கவில்லை என்று சத்தம் கூட்டினால் சண்டை வந்ததும் வீடே அதிர்கிறது. என்ன செய்வது?

வீட்டில் படம் பார்க்கும் எல்லாரும் கையில் ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பதற்கு இதுதான் காரணம்.

தியேட்டருக்காகக் கலக்கப்பட்ட ஒலியில் மெல்லிய சத்தத்துக்கும் பெரிய சத்தத்துக்கும் இடைவெளி அதிகம். அமைதியான அரங்கில் கிசுகிசுப்பும் கேட்கும், வெடியும் வெடிக்கும். தவிர, வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. உங்கள் டிவியில் அந்த நடு ஸ்பீக்கரே கிடையாது; ஆறு தடம் உள்ள 5.1 ஒலியைப் பின்புறம் சுவரைப் பார்த்திருக்கும் இரண்டு சின்ன ஸ்பீக்கரில் அமுக்கித் தருகிறது.

செய்ய வேண்டியவை: ஓடிடி செயலியில் ஒலி மெனுவைத் திறந்து 5.1 என்று இருப்பதைச் சாதாரண ஸ்டீரியோவுக்கு மாற்றுங்கள். சவுண்ட்பார் இல்லாத வீட்டில் இந்த ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். டிவி அமைப்பில் 'நைட் மோட்' அல்லது வசனத்தைத் தூக்கிக் காட்டும் வசதி இருந்தால் போடுங்கள். சவுண்ட்பார் வாங்குவதானால் நடு ஸ்பீக்கர் தனியாக உள்ளதா என்று கேட்டு வாங்குங்கள். வாட்ஸ் எண்ணிக்கையைப் பார்த்து மயங்க வேண்டாம். இவ்வளவுக்கும் பிறகும் கேட்காவிட்டால் சப்டைட்டில். தமிழ்ப் படத்துக்கு ஆங்கிலத்தில் எழுத்து ஓடுவதைப் பார்த்துத் தமிழ் வசனத்தைப் புரிந்துகொள்ளும் நிலை கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் கூச்சப்பட ஒன்றுமில்லை, இப்போது பாதி வீடுகளில் அதுதான் நடக்கிறது.

தியேட்டரில் சத்தம் காதைக் கிழிக்கிறதே?

உண்மையான குறை. படத்தை உரக்கக் கலக்குகிறார்கள், தியேட்டரில் ஆபரேட்டர் குறைக்கிறார், அடுத்த படத்தை இன்னும் உரக்கக் கலக்குகிறார்கள். இந்தப் போட்டியில் நம் காது நடுவில் மாட்டிக்கொண்டது. இடைவேளையில் மேலாளரிடம் சொன்னால் பல அரங்குகளில் குறைப்பார்கள். நாலு பேர் சேர்ந்து சொன்னால் கட்டாயம் குறைப்பார்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பஞ்சு மாதிரியான காதடைப்பானைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ப்ரொஜெக்டர் வாங்கி வீட்டையே தியேட்டர் ஆக்கிவிடலாமா?

அறையை முழுக்க இருட்டாக்க முடிந்தால் மட்டும். நம் ஊர் வெயிலுக்குச் சாதாரணத் திரைச்சீலை போதாது. பகலில் பார்ப்பவர்களுக்கு டிவியே நல்லது.

இணையக் கடைகளில் பத்தாயிரம் ரூபாய்க்கு '4கே ப்ரொஜெக்டர்' என்று வருபவற்றில் எச்சரிக்கை வேண்டும். '4கே சப்போர்ட்' என்றால் 4கே கோப்பை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். சுவரில் விழுவது 720பி அல்லது 1080பி. 'நேட்டிவ் ரெசல்யூஷன்' என்று சிறிய எழுத்தில் இருப்பதைத் தேடுங்கள். வெளிச்சத்திலும் அப்படித்தான். வெறுமனே 'லூமென்ஸ்' என்று பெரிய எண் போட்டிருந்தால் நம்பாதீர்கள். பொது முறைப்படி அளந்த 'ஆன்சி லூமென்ஸ்' எவ்வளவு என்று பாருங்கள். வெள்ளைச் சுவரே தொடக்கத்துக்குப் போதும், திரைக்கு உடனே செலவழிக்க வேண்டாம். 100 அங்குலப் படத்துக்கு ஏழேகால் அடி அகலச் சுவர் வேண்டும். பல அடுக்ககக் கூடங்களில் அந்தச் சுவரில்தான் பூஜை அலமாரி இருக்கும்.

தியேட்டரில் எந்த இடத்தில் உட்காருவது நல்லது?

முன்னிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால், நடுவில். ஒலியை அளந்து சரிசெய்பவர்களும் அந்தப் பகுதியை வைத்துத்தான் அளப்பார்கள். கடைசி வரிசைக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதை பால்கனிக் காலத்து மிச்சம். பின்சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அடித்தொனி அதிகமாக இடிக்கும், பக்கச் சுவர் ஸ்பீக்கர்கள் எல்லாம் உங்களுக்கு முன்னால் போய்விடும்.

ஐமேக்ஸுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாமா?

ஐமேக்ஸுக்காகவே படம்பிடித்தது என்றால் கொடுக்கலாம். சென்னை, கோவை ஐமேக்ஸ் திரைகளில் அகலம் உயரத்தைப் போல 1.90 மடங்கு. அந்த வடிவத்தில் எடுத்த காட்சிகளில் சாதாரண ஸ்கோப் பிரதியில் தெரியாத மேல், கீழ்ப் பகுதிகள் தெரியும். வெறும் ஸ்கோப் படத்தை அங்கே போட்டால் அங்கேயும் கருப்புப் பட்டைதான், என்ன, பட்டையும் பெரிதாக இருக்கும்.

வீட்டில் ஒரு படத்தையும் முழுதாகப் பார்க்க முடிவதில்லை. எனக்கு மட்டும்தானா?

உங்களுக்கு மட்டும் இல்லை. வீட்டில் படத்தை நிறுத்த முடியும். சிக்கலே அதுதான். நிறுத்த முடிகிற எதையும் நிறுத்துவோம்: தண்ணீர் குடிக்க, போன் பேச, 'இந்த நடிகர் வேறெதில் வந்தார்' என்று தேட. பத்து நிமிடம் தள்ளி ஓட்டலாம் என்ற வசதி இருக்கும்போது எந்தக் காட்சியும் அவசியமானதாகத் தெரியாது. அப்புறம் எதைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுப்பதிலேயே முக்கால் மணி நேரம் போய், சாப்பாட்டு நேரம் வந்து, கடைசியில் ஏற்கனவே இருபது தடவை பார்த்த நகைச்சுவைக் காட்சிகளில் முடியும்.

தியேட்டரில் நாம் காசு கொடுத்து வாங்குவது இந்த நிறுத்த முடியாமையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டிலும் கொஞ்சம் கொண்டுவரலாம். படத்தை முதல் நாளே முடிவு செய்யுங்கள். நேரம் குறியுங்கள், எட்டரை என்றால் எட்டரை. விளக்கை அணையுங்கள். போனை வேறு அறையில் சார்ஜில் போடுங்கள். மேசையில் கவிழ்த்து வைப்பதெல்லாம் பலிக்காது. இடைவேளை என்று எழுத்து வரும் இடத்தில் மட்டும் நிறுத்தி, பத்து நிமிடம் எழுந்து நடந்துவிட்டு வாருங்கள். நம் படங்கள் அந்த இடைவேளையை வைத்தே கட்டப்பட்டவை; அதைத் தாண்டி ஒரே மூச்சில் ஓடவிட்டால் இரண்டாம் பாதி தொய்வாகத் தெரியும்.

சின்னக் குழந்தையோடு தியேட்டருக்குப் போகலாமா?

கைக்குழந்தை என்றால் நான் வேண்டாம் என்பேன். குழந்தை அழுவதால் மற்றவர்களுக்குத் தொந்தரவு என்பதற்காக இல்லை, அந்தச் சத்தம் குழந்தையின் காதுக்கு ஆகாது.

பெரிய பிள்ளைகளுக்குச் சான்றிதழைப் பாருங்கள். 2024-இல் யுஏ சான்றிதழை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அந்த வயதுக்குக் கீழே இருந்தால் அழைத்துப் போவதும் விடுவதும் பெற்றோர் முடிவு. ஏ சான்றிதழ் என்றால் பேச்சுக்கே இடமில்லை, பதினெட்டுக்குக் கீழே உள்ளே விடமாட்டார்கள். வாசலில் நின்று வாதாடும் அப்பாக்களைப் பார்க்கப் பாவமாக இருக்கும். வீட்டில் அந்த வாசல்காரர் வேலையை நீங்கள்தான் பார்க்க வேண்டும். ஓடிடி செயலிகளில் குழந்தைகளுக்குத் தனிக் கணக்கும் கடவு எண்ணும் வைக்கலாம். எண்ணைப் பிள்ளையின் பிறந்த வருடமாக வைக்காதீர்கள்.

வீட்டில் எல்லாம் வந்ததால்தானே தியேட்டர்கள் மூடுகின்றன?

இந்தப் புகார் எனக்குத் தெரிந்து ஓடிடியைவிட ரொம்பப் பழையது. 1975-இல் சென்னைத் தொலைக்காட்சி வந்தது. ஞாயிறு மாலைப் படத்துக்கு டிவி இருக்கும் வீட்டுக் கூடத்தில் தெருவே உட்கார்ந்திருக்கும். எண்பதுகளில் வீடியோ கேசட் ஓட்டும் டெக்கும் டிவியும் வாடகைக்கு எடுத்து, ஒரே ராத்திரியில் மூன்று படம் போட்டுப் பார்த்தார்கள். 1993-இல் சன் டிவி. அப்புறம் திருட்டு விசிடி. ஒவ்வொன்றின்போதும் 'இனி தியேட்டர் அவ்வளவுதான்' என்றார்கள். 2013-இல் கமல்ஹாசன் 'விஸ்வரூப'த்தை டிடிஎச்சில் முன்கூட்டியே காட்டத் திட்டமிட்டபோது தியேட்டர் உரிமையாளர்கள் எதிர்த்து நின்றார்கள், திட்டம் நடக்கவில்லை. 2020 மே மாதம் 'பொன்மகள் வந்தாள்' நேராக அமேசான் பிரைமில் வந்தபோதும் அதே எதிர்ப்பு. ஆனால் அந்தத் தடவை எல்லா அரங்கும் பூட்டிக் கிடந்ததால் எதிர்ப்புக்கு வலுவில்லை.

தியேட்டர்கள் மூடியது உண்மை. அண்ணா சாலையில் சஃபையர் 1994-இலேயே போனது, சாந்தி 2016-இல். அசோக் நகர் உதயம் 2024-இல். ஆனால் இவற்றைக் கொன்றது டிவி மட்டும் என்று சொல்ல மாட்டேன். நகரின் நடுவில் அவ்வளவு பெரிய மனையில் ஒருசில திரைகள்தான்; அந்த நிலத்தின் விலைக்கு எந்தப் படமும் வசூல் கொடுக்க முடியாது. பல தியேட்டர்கள் கல்யாண மண்டபமாகவும் அலுவலகமாகவும் அடுக்ககமாகவும் மாறின. அதே காலத்தில் மால்களுக்குள் ஆறு திரை, எட்டுத் திரை என்று புதிதாக வந்துகொண்டும் இருந்தன. குறைந்தது தரை டிக்கெட்டும் பெஞ்சு டிக்கெட்டும், அதில் உட்கார்ந்தவர்களும்தான். தியேட்டர் மூடுகிறது என்று வருந்துபவர்கள் இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

டிவியில் நூறு தடவை போட்ட படத்தை மறுபடி தியேட்டரில் வெளியிடுகிறார்களே, யார் பார்க்கிறார்கள்?

நிறையப் பேர். 2012-இல் டிஜிட்டலில் மெருகேற்றிய 'கர்ணன்' நூறு நாளைத் தாண்டி ஓடியது. 2024 ஏப்ரலில் இருபது வருடப் பழைய 'கில்லி' புதுப்படம் போல நிரம்பியது. வந்தவர்களில் பாதிப் பேருக்கு வசனம் மனப்பாடம். அந்தப் படம் முதலில் வந்தபோது பிறக்காதவர்களும் இருந்தார்கள். கதை தெரியாமல் யாரும் வரவில்லை, எல்லாரோடும் சேர்ந்து சொல்ல வந்தார்கள்.

பழைய படங்களுக்கு இது ஒன்றுதான் கவலை: மறுவெளியீட்டுக்கு வருவது ஏற்கனவே புகழ்பெற்றவை. மற்றவை ஓடிடியிலும் முழுதாக இல்லை. உரிமக் காலம் முடிந்தால் இருந்ததும் காணாமல் போகும். யூடியூபில் ஓரம் வெட்டுப்பட்ட, நிறம் வெளுத்த பிரதி கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அதிகாலைக் காட்சி இப்போது உண்டா?

தமிழ்நாட்டில் இல்லை. 2023 ஜனவரியில் நள்ளிரவுக் காட்சிக் கொண்டாட்டத்தின்போது சென்னையில் ஒரு ரசிகர் லாரி மேலிருந்து விழுந்து இறந்தார். அதன் பிறகு காலை 9 மணிக்கு முன்னால் அனுமதி தருவதில்லை. பக்கத்து மாநிலங்களில் முன்னதாகவே தொடங்கிவிடுவதால், முதல் காட்சிக்குப் போகிறவர் அதற்குள் போனைத் திறந்தால் கதை முழுக்கத் தெரிந்துவிடும்.

டைட்டில் கார்டை மட்டும் வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கலாமா?

வைக்காதீர்கள். 2023-இல் திருத்தப்பட்ட திரைப்படச் சட்டத்தின்படி அரங்கில் படத்தைப் பதிவு செய்தால் மூன்று மாதம் முதல் மூன்று வருடம் வரை சிறையும் குறைந்தது 3 லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. பத்து விநாடி ஸ்டேட்டஸுக்காக யாரையும் பிடித்துக்கொண்டு போவதை நான் பார்த்ததில்லை. ஆனால் உங்கள் போன் வெளிச்சம் பின்னால் இருக்கும் மூன்று வரிசைக்கு அடிக்கிறது, அந்த ஒரு காரணமே போதும்.

வீட்டிலிருந்து முறுக்கு, தண்ணீர் எடுத்துப் போகலாமா?

தண்ணீரைப் பற்றிக் கவலை வேண்டாம். உணவு அரங்கின் இஷ்டம். வெளி உணவைத் தடுக்க தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதோடு இரண்டு நிபந்தனைகளும் போட்டது: சுத்தமான குடிநீர் இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது. குடிநீர் எங்கே என்று கேட்டால் சில இடங்களில் பாட்டில் விற்கும் கவுண்டரைத்தான் காட்டுவார்கள். இலவசக் குடிநீர் எங்கே என்று கேளுங்கள். பெரும்பாலும் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு மூலையில் இருக்கும், டம்ளர் இருக்காது.